முழங்காலில் கட்டோடு நிற்கிற பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கண்டனூரில் பலகாரம் சுட்டு விற்கிறவள். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், கைமுறுக்கு என்று காரைக்குடிக் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போட்டுக் கொடுக்கிறேன். தினமும் உங்கள் பேப்பர் வரும். மத்தியானம் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்த பிறகுதான் அதைக் கையில் எடுப்பேன். பேப்பருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போய்விட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு இஞ்ச் டேப் விஷயம் வரும், அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

போன வாரம் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். கல்லூரிகளுக்கு இடையே நடந்த பெண்கள் கபடியில் கோப்பை வாங்கிய அணி. நடுவில் கல்லூரிப் பெரியவர்கள், அவர்களைச் சுற்றிப் பன்னிரண்டு பிள்ளைகள். இடது ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்கு வலது முழங்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருக்கிறது. படத்தைப் பார்க்கிறவர்கள் கோப்பையைப் பார்ப்பார்கள். எனக்குக் கண் நேராக அங்கே போய்விட்டது. அந்தப் பிள்ளை வலது காலை ஊன்றவில்லை. குதிகாலைத் தரையில் வைக்காமல், பக்கத்தில் நிற்கிறவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. அந்த நிற்பு எனக்குத் தெரியும். என் வீட்டு நடையில் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

என் மூத்தவள் கபடியில் பாடிப் போகிறவள். இப்போது ரைடர் என்கிறார்கள். ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தாள். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு டவுசரும் கபடியும்" என்று என் மாமியார் தொடங்கி வைக்க, தெரு முழுக்க அதையே சொன்னது. அவள் அப்பாதான், புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர், "ஆடட்டும் விடு" என்றார். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது என்று எங்கேயோ கேட்டுவந்து என்னிடம் சொன்னவரும் அவர்தான். எங்கள் மாதிரி வீட்டில் கபடிக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கும் இருக்கும். அதை மறைப்பானேன்.

போன வருடம் தை மாதக் கடைசி. அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மதுரைப் பக்கம் ஒரு மைதானத்தில் போட்டி. முதல் பாதி முடிய நாலு நிமிஷம் இருக்கிறது. பாடிப் போனவள் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுச் சடக்கென்று திரும்பியிருக்கிறாள். ஒருத்தியும் பிடிக்கவில்லை, ஒருத்தியும் மேலே விழவில்லை. பாதம் தரையில் விரித்திருந்த மேட் மேல் பதிந்து நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது. "பட்டுன்னு ஒரு சத்தம்மா, வெளிய இல்ல, எனக்கு உள்ளேருந்து கேட்டுச்சு" என்றாள்.

கூட்டிப்போன சார் ஸ்ப்ரே அடித்தார். கட்டுப் போட்டார். "சுளுக்குத்தான், எந்திரிச்சு நடந்து பாரு" என்றார். நடந்தாள். அங்கேதான் எல்லாரும் ஏமாந்தோம். முழங்காலுக்குள் இருக்கிற ஜவ்வு அறுந்தாலும் நேராக நடக்க வரும், திரும்பும்போதுதான் கால் கைவிடும் என்பது பிறகு தெரிந்துகொண்டது. இரண்டாம் பாதியில் ஆறு நிமிஷம் இறக்கி ஆடவும் வைத்தார்கள். வேன் மேலூர் தாண்டித் திருப்பத்தூர் வருவதற்குள் முழங்கால் உரிக்காத தேங்காய் மாதிரி ஆகிவிட்டது.

கல்லூரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த சார் கெட்டவரும் இல்லை. அன்றைக்கு அவரே கோச், அவரே மேனேஜர், பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கியவரும் அவரே, டாக்டரும் அவரே. கையில் இருந்த ஆஸ்பத்திரி ஒரு ஸ்ப்ரே டப்பா. அவரிடம் போய் நான் எதைக் கேட்பது?

அப்புறம் மூன்று வாரம் எண்ணெய். எங்கள் பக்கத்தில் கால் பிசகினால் முதலில் சுளுக்கு எடுக்கிறவரிடம்தான் போவோம். உருவி விட்டார், முட்டையும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டார். வீக்கம் வடிந்தது. சரியாகிவிட்டது என்று கல்லூரிக்கும் போனாள். ஒருநாள் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் படியிறங்கும்போது முழங்கால் துணி மாதிரி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த வைத்தியரே அன்றைக்கு, "ஆத்தா, இது என் கைக்கு அடங்குற விஷயம் இல்ல, உள்ளே என்னமோ அறுந்திருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பினார். மூன்று வாரம் கழித்துச் சொன்னாலும், முதன்முதலில் உண்மையைச் சொன்னவர் அவர்தான்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். ஏ.சி.எல். என்கிற ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டது. தொடை எலும்பும் கால் எலும்பும் முன்னே பின்னே வழுக்காமல் குறுக்கே இழுத்துப் பிடிக்கிற கயிறு அது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதுவும் குதித்துத் திரும்புகிற ஆட்டங்களில், இது அறுவது அதிகம் என்றார் டாக்டர். பங்குனியில் ஆபரேஷன். துளை போட்டு, தொடைக்குப் பின்னால் இருந்து ஒரு நாணை எடுத்து, அதையே புது ஜவ்வாக வைத்தார்கள். ஆபரேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது ஒன்றரை மணி நேர வேலை. நான் எழுத வந்தது அதற்குப் பிறகு வருகிற மாதங்களைப் பற்றி.

கல்லூரியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், சாத்துக்குடி. கட்டிலைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். "சீக்கிரம் வந்து கோர்ட்ல இறங்கணும்" என்றார்கள். மனசார வந்தார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கல்லூரியிலிருந்து கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு அடுத்த போன் வந்தது ஏழு மாதம் கழித்து. அது எதற்கு வந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. பிசியோதெரபி போக வேண்டும். எங்கே, எத்தனை நாள், என்ன செய்வார்கள், எதைச் செய்யாமல் விடக்கூடாது, ஒன்றும் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு இடத்துக்குப் போனோம். உட்கார்ந்தால் 300 ரூபாய். வெந்நீர்ப் பை பத்து நிமிஷம், கரண்டு பதினைந்து நிமிஷம். நாலு கட்டில், நடுவில் ஒரு திரைகூட இல்லை. தொடை வரைக்கும் துணியை விலக்கி வயசுப்பிள்ளை படுத்திருக்க, எதிர்க் கட்டிலில் கழுத்து வலிக்கு வந்த பெரியவர் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். மிஷினை மாட்டிவிட்டுப் போகிறவர் மணியடித்தால்தான் திரும்பி வருவார். "சும்மா படுத்துட்டு வர்றேன்மா" என்று ஒருநாள் சொன்னாள். "டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்" என்று நான்தான் அதட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சுருக்கென்கிறது.

ஆறு வாரம் போனது. ஒருநாள் சுடிதார் தைக்க அளவெடுக்கச் சொன்னாள். தையல்காரியிடம் இரவல் வாங்கிய இஞ்ச் டேப் கையில் இருந்தது. இடது தொடையைவிட வலது தொடை கண்ணுக்கே மெலிவாகத் தெரிந்தது. முழங்காலுக்கு மேல் ஒரு சாண் அளந்து, பேனாவால் கோடு போட்டு, இரண்டு தொடையையும் சுற்றி அளந்தேன். நாலு சென்டிமீட்டர் குறைவு. அவள் டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆறு வாரம் நான் கொடுத்த பணத்துக்கு அந்த இடத்தில் ஒருவர்கூட ஒரு டேப்பை எடுத்து அளந்து பார்க்கவில்லை. அளக்காமல் நான் ஒரு படி மாவுகூடப் பிசைய மாட்டேன்.

விசாரித்து, காரைக்குடியில் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனோம். சின்னப் பெண்தான். பெரிய மிஷின் எதுவும் இல்லை. இரண்டு கட்டில், ஒரு பழைய சைக்கிள், சுவரில் மாட்டிய ரப்பர் பட்டைகள், கட்டிலுக்குக் கட்டில் திரை. ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்னால் அவளைப் பார்த்துக் கேட்டது: "உனக்கு என்ன வேணும்? வலியில்லாம நடந்தாப் போதுமா, திரும்ப கபடி ஆடணுமா? ரெண்டுக்கும் வேலை வேற வேற."

என் மகள் அழுதுவிட்டாள். கால் போனதிலிருந்து அவளிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை. கல்லூரிக்கு அவள் திரும்ப ஆடவேண்டும், மாமியாருக்கு அவள் இனிமேல் ஆடவே கூடாது, எனக்குக் கல்யாணத்தில் நொண்டாமல் நடந்தால் போதும். எல்லாருக்கும் அவள் காலைப் பற்றி ஒரு முடிவு இருந்தது. அவளைத்தான் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அந்தப் பெண் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் முழங்காலை வரைந்து காட்டியது. எனக்கே புரிந்தது. உள்ளே வைத்த நாண் இப்போதைக்கு ஒரு கயிறுதான், உடம்பு அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள மாதக்கணக்காகும், அதிலும் முதல் சில மாதத்தில் அது பலப்படுவதற்கு முன்னால் பலவீனமாகும். வலி போய்விடுகிற காலமும் அதுவே என்பதால் பிள்ளைகள் ஓடிக் கெடுத்துக்கொள்வார்கள். தொடை மெலிந்ததற்கும் காரணம் சொன்னது. மூட்டுக்குள் நீர் கோத்திருந்தால் தொடைத் தசைக்குப் போகிற கட்டளை மந்தமாகிவிடுமாம். சோம்பேறித்தனம் இல்லை, நீயாக வேலை வாங்கினால்தான் அது எழும் என்றது. கரண்டு வைப்பதையும் தப்பு என்று சொல்லவில்லை. தசையைத் தட்டி எழுப்ப அதுவும் உதவும், ஆனால் எழுப்பிவிட்டு வேலை கொடுக்காமல் திரும்பத் தூங்கவிட்டால் என்ன பிரயோஜனம் என்றது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னது. தேதி, என்ன பயிற்சி, எத்தனை முறை, வலி பத்துக்கு எத்தனை, ராத்திரி வீக்கம் உண்டா இல்லையா. தினமும் எழுத வேண்டும், செவ்வாயும் வெள்ளியும் கொண்டுவந்து காட்ட வேண்டும். முதல் வேலை முழங்காலை நேராக்குவது. அது முழுசாக நீளாமலே ஆறு வாரம் போயிருந்தது. காலைத் தட்டையாக நீட்டினால் முழங்காலுக்கும் தரைக்கும் நடுவில் என் மூன்று விரல் நுழையும். நல்ல காலில் ஒரு விரல் நுழையாது. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலைக் கீழே அமுக்கி, தொடையை இறுக்கிப் பத்து எண்ண வேண்டும். அடுப்படியில் பாய் விரித்து அவள் படுத்துக்கொள்வாள். நான் சீடை உருட்டிக்கொண்டே எண்ணுவேன். ஒன்பது எண்ணும்போது விடப்பார்ப்பாள், "பத்து சொல்லல இன்னும்" என்பேன். சித்திரை வெயில், அடுப்புச் சூடு, அவள் நெற்றியில் வேர்வை வழியும். ஒவ்வொரு ஞாயிறும் விரலை விட்டுப் பார்ப்பேன். மூன்று விரல் இரண்டாக ஒரு மாதம். பிறகு ஒன்று. வைகாசிக் கடைசியில் ஒருநாள் சுண்டுவிரலும் நுழையவில்லை. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாமியாரே எட்டிப்பார்த்தார்.

காலைவிட மனசுதான் கஷ்டம் கொடுத்தது. கூட ஆடிய பிள்ளைகள் முதல் மாதம் வந்தார்கள், பிறகு போன், பிறகு அதுவும் இல்லை. அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்குப் பரீட்சை, பிராக்டிஸ். அணி வாட்ஸ்அப்பில் மட்டும் இருந்தாள். அடுத்த போட்டிக்கான பெயர்ப் பட்டியல் அதில் வந்த ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மல்யுத்தக்காரி வினேஷ் போகாட் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் போய் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போன பெண் 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது என்று எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள், அந்த ராத்திரி அதைக் கிழித்துப் போட்டாள். "நாட்டுக்கு ஆடுறவங்களுக்குச் சுத்தி ஆள் இருக்கும்மா, எனக்கு யாரு" என்றாள்.

பிசியோ பெண்ணிடம் இதைச் சொன்னபோது மருந்து மாதிரி ஒன்று எழுதிக் கொடுத்தது. வாரம் இரண்டு நாள் சாயங்காலம் கல்லூரி மைதானத்துக்குப் போக வேண்டும். ஆடக்கூடாது, ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுத வேண்டும், ஒவ்வொரு ரைடரும் திரும்பும்போது எந்தக் காலில் திரும்புகிறாள் என்று குறிக்க வேண்டும். முதலில் முரண்டு பிடித்தாள். ஆனால் அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்து பேச ஆரம்பித்தாள். "அம்மா, எல்லாருமே முட்டிய உள்ள மடக்கித்தான் இறங்குறாளுக, இப்படியே போனா இன்னொருத்திக்கும் போயிரும்" என்றாள்.

இப்போது அந்த ஏழாவது மாத போனுக்கு வருகிறேன். ஐப்பசி. மண்டலப் போட்டி வருகிறது, ஆள் குறைகிறது. "ஒரு மேட்ச்தானம்மா, பெல்ட் போட்டுக்கிட்டு ரெண்டு ரைடு போகட்டும், மூணாம் வருஷம், சர்டிஃபிகேட் கிடைக்கும்." அந்த சர்டிஃபிகேட் என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் என்ன கனம் என்று உங்களுக்கு மேலே சொல்லியிருக்கிறேன். மகள் துள்ளிக் குதித்தாள். வலி இல்லை, ஓடுகிறாள், படி ஏறுகிறாள், என்ன குறை?

பிசியோ பெண் ஒன்றும் வாதாடவில்லை. தரையில் டேப்பை ஒட்டி, ஒற்றைக் காலில் தாவி அதே காலில் நிற்கச் சொன்னது. நல்ல காலில் 132 சென்டிமீட்டர். மற்றக் காலில் 98. "நல்ல கால்ல தாவுறதுல நூத்துக்குத் தொண்ணூறாவது இதுலயும் வரணும், அதாவது 119. வந்தா நானே பஸ் ஏத்தி விடுறேன்" என்றது. ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம் ஆகாமல் ஆட இறங்கக்கூடாது என்றது, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொன்னது. நார்வேயில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 106 பேரைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்பது மாதம் வரைக்கும், திரும்ப ஆடுவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால்கூட மறுபடி முழங்கால் போகிற ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. என் மகள் காதில் எதுவும் ஏறவில்லை. கதவை அறைந்துவிட்டு வந்தாள். இரண்டு வாரம் பயிற்சிக்கே போகவில்லை. நோட்டில் அந்த இரண்டு வாரப் பக்கம் காலியாக இருக்கிறது.

அன்றைக்கு அவளிடம், "உனக்குக் கிடைக்கிற வைத்தியத்தில் திருப்தியா" என்று கேட்டிருந்தால், முதலில் போன இடத்துக்குப் பத்துக்கு ஏழும், இந்தப் பெண்ணுக்குப் பூஜ்யமும் போட்டிருப்பாள். அங்கே யாரும் அவளை எதற்கும் தடுக்கவில்லையே. இன்றைக்குக் கேட்டால் தலைகீழ். ஆக, கேட்பது என்றால் ஒருதரம் கேட்டால் பத்தாது. அடிபட்ட வாரம் கேட்க வேண்டும், நடுவில் கேட்க வேண்டும், எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் கேட்க வேண்டும்.

மார்கழியில் 112 தாவினாள். பத்தவில்லை. மாசியில் 121. அதற்குள் கல்லூரிப் போட்டிகள் எல்லாம் முடிந்துவிட்டன, மூன்றாம் வருடமும் முடிந்தது. கல்லூரிக்காக அவள் மறுபடி ஆடவே இல்லை.

இப்போது பி.பி.எட். படிக்கிறாள். உடற்கல்வி வாத்தியாராகப் போகிறவள் என்பதால் இந்த விஷயத்தையே தோண்டிக்கொண்டிருக்கிறாள். அமெரிக்காவில் கல்லூரிகளில் அத்லெட்டிக் டிரெய்னர் என்று ஒருவர் இருப்பாராம். ஜிம்மில் தண்டால் எடுக்கவைக்கிற டிரெய்னர் இல்லை, கோச்சும் இல்லை. காயம் பார்ப்பதற்கென்றே படித்துவந்தவர். 1950-இலேயே அவர்களுக்கு அங்கே சங்கம் வந்துவிட்டது. பிராக்டிஸ் நடக்கும்போது மைதானத்திலேயே இருப்பார், கால் பிசகின நிமிஷம் முதல் மறுபடி இறங்குகிற நாள் வரைக்கும் ஒரே ஆள் கூட வருவார். பெரிய கல்லூரிகளில், ஆடலாமா கூடாதா என்பதில் கடைசி வார்த்தை டாக்டரும் இவரும் சொல்வதுதான், கோச் அதை மாற்ற முடியாது என்று விதியே இருக்கிறது. அங்கேயும் பிள்ளைகளைத்தான் கேட்டிருக்கிறார்கள். 256 கல்லூரி வீரர்களிடம் கேட்டு 2010-இல் வந்த ஒரு ஆய்வில், காயம்பட்ட பிறகு அவர்கள் முன்னைவிட அதிகமாகச் சாய்ந்துகொண்டது கோச், டிரெய்னர், டாக்டர் ஆகியவர்கள் மேல் என்று தெரிந்ததாம். என் மகள் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "என்னைய யாராச்சும் கேட்டிருந்தா ஒங்க சீடை உருட்டுற கைன்னு எழுதியிருப்பேன்" என்றாள். கிண்டல்தான்.

நம் கல்லூரிகளில் கேட்கிற பழக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழுவுக்காக மாணவர் திருப்தி பற்றி அவளுக்கும் மெயிலில் கேள்விகள் வந்தன. இருபது கேள்வி, எல்லாம் பாடம் நடத்துவதைப் பற்றி. கடைசியில் நம் யோசனையை எழுத ஓர் இடம். அதில் அவள், "கிரவுண்டுக்கு ஒரு பிசியோ வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது" என்று எழுதி அனுப்பினாள். யார் படித்தார்களோ.

நான் கேட்பதும் அவ்வளவுதான். ஒவ்வொரு கல்லூரியிலும் ஆஸ்பத்திரி கட்டச் சொல்லவில்லை. காரைக்குடியைச் சுற்றி இத்தனை கல்லூரிகள். 1985-இலிருந்து அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிற ஊர், உடற்கல்வி சொல்லிக்கொடுக்கவே அங்கே ஒரு கல்லூரி இருக்கிறது (என் மகள் அடிபட்டபோது படித்தது அங்கே இல்லை). நாலைந்து கல்லூரிகள் சேர்ந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வைத்துக்கொண்டால் வாரம் ஒரு சாயங்காலமாவது ஒவ்வொரு மைதானத்துக்கும் வர முடியாதா? கோப்பை வாங்கினால் பெரியார் சிலைப் பக்கம் வைக்கிற பிளெக்ஸ் போர்டுக்குக் காசு இருக்கிறது. போட்டிக்குப் போகிற வேனில் காயம் பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு ஒரு சீட் வேண்டும். "நடந்து பாரு" என்று சொல்லி மறுபடி ஆட இறக்குவதை நிறுத்த வேண்டும். அப்புறம் வருடக் கடைசியில், அந்த வருடம் காயம்பட்ட ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்க வேண்டும். உனக்கு என்ன ஆனது என்று உனக்குப் புரிகிற மாதிரி யாராவது சொன்னார்களா, எத்தனை நாளில் டாக்டரைப் பார்த்தாய், திரை இருந்ததா, தேறுவதற்கு முன்னால் ஆடச் சொல்லி யாராவது நெருக்கினார்களா, மொத்தச் செலவு யார் வீட்டுப் பணம். பெயர் போடாமல் கேட்க வேண்டும். பெயர் போட்டுக் கேட்டால் அடுத்த பட்டியலில் இடம் போய்விடுமோ என்று எல்லாப் பிள்ளையும் "நன்று" என்றுதான் எழுதும்.

உங்கள் நிருபர்களில் யாராவது அந்தப் படத்தில் இருக்கிற பிள்ளையை மறுபடி பார்த்தால் கோப்பையைப் பற்றிக் கேட்க வேண்டாம், காலைப் பற்றிக் கேளுங்கள்.

அந்தப் பிள்ளையின் வீட்டில் யாராவது இதைப் படித்தால்: அடிபட்டபோது உள்ளே சத்தம் கேட்டதா, அன்றைக்கே வீங்கியதா என்று கேட்டுப்பாருங்கள். ஆமாம் என்றால் உருவி விட வேண்டாம். காலை உயர்த்தி வைத்து, ஐஸைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைத்து எடுங்கள், வலி குறைந்துவிட்டது என்று விட்டுவிடாமல் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். என் மகளின் நோட்டு மூன்றும் என்னிடம்தான் இருக்கின்றன. எண்ணெய் பட்டு ஓரமெல்லாம் கறையாகிவிட்டது, ஆனாலும் எழுத்து தெரியும். அதில் இருப்பது என் மகள் காலுக்கான பயிற்சி, அப்படியே செய்யக்கூடாது. ஆனால் எந்த மாதத்தில் எப்படி இருக்கும், எப்போது அழுகை வரும் என்று ஒரு அம்மாவுக்குத் தெரிந்துகொள்ள உதவும். உங்கள் அலுவலகம் மூலமாகக் கேட்டு அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கபடிக்காரியின் அம்மா,
கண்டனூர், சிவகங்கை மாவட்டம்.